ஒன்பதாம் எண் வண்டியின் கையிருப்பு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, அந்த ஊர்க் குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நீ நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டே பேனாவை எடுக்கிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் மூன்று வேளை சாப்பிட்டு, இரண்டு வேளை சண்டை போட்டு, பொழுது சாய்வதற்குள் சமாதானமாகி நாளை ஓட்டுகிறோம். குளியலறைக் கூரை ஒழுகுவது நின்றுவிட்டது, நான் ஏணி போட்டு ஏறி மூன்று நாள் பூசியதால் அல்ல, நான்காம் நாள் குழாய்க்காரர் வந்து பத்து நிமிடம் பார்த்ததால். பக்கத்து வீட்டு டீச்சர் ஒரு நாய் வாங்கியிருக்கிறார், அது அவரைத் தவிர தெருவில் எல்லோருக்கும் அடங்குகிறது. போன ஞாயிறு நீ போனில் டிப்போவில் என்னப்பா நடக்கிறது என்று கேட்டாய், நான் போனை அம்மாவிடம் கொடுத்தேன், அவள் சிரித்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தாள், அதற்குள் உனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. அது போனில் சொல்லி முடிகிற கதை இல்லை அம்மா. உட்கார்ந்து எழுதினால்தான் எனக்கே வரிசையாக வருகிறது.

முப்பத்தொரு வருடமாக அந்த டிப்போவில் பஸ்களுக்குக் கால அட்டவணை போடுகிறவன் நான், எந்த வண்டி எத்தனை மணிக்கு எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எதுவும் உருப்படியாகத் தெரியாதவன் என்று உன் அம்மா சொல்வாள். அப்படிப்பட்டவனிடம் புது மேலாளர் வந்து, டீசல் வண்டிகளை எல்லாம் எடுத்துவிட்டு மின்சார வண்டிக்கு மாறப்போகிறோம், பத்து வருடத்துக்குத் திட்டம் எழுதிக் கொடுங்கள் சார் என்றார். நல்ல பெண், சுறுசுறுப்பு, உன்னைவிட நான்கைந்து வயது மூத்தவளாக இருப்பாள். நாளை மறுநாள் மழை வருமா என்று கேட்டாலே தலையைச் சொறிகிறவனிடம் பத்து வருடம் கேட்டால் என்ன செய்வது. வண்டிகள் கப்பலில் வர வேண்டும், கப்பல் எப்போது வரும் என்று கப்பல்காரனுக்கே தெரியவில்லை. டிப்போவுக்குத் தடிமனான புதுக் கம்பி இழுத்துத் தருகிறேன் என்று மின்சார அலுவலகம் சொல்லியிருக்கிறது, தேதி மட்டும் சொல்லவில்லை. கூரையில் போடப்போகிற சூரியத் தகடும் ஊருக்கு வெளியே சுற்றுகிற காற்றாலையும் எத்தனை நாள் முகம் கொடுக்கும், எத்தனை நாள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்று யாரைக் கேட்பது. சரி, பழைய டீசலே போதும் என்று இருந்துவிடலாம் என்றால், எங்கோ இரண்டு நாடு அடித்துக்கொண்டதில் இந்த வருடம் இரண்டு முறை டீசல் லாரி வரவில்லை, பாதி வண்டிகள் ஒரு வாரம் வாசலில் தூங்கின. எந்தப் பக்கம் திரும்பினாலும் நிச்சயம் என்று ஒன்று கிடையாது, ஆனாலும் காலை ஐந்தரைக்கு முதல் வண்டி கிளம்பித்தான் ஆக வேண்டும்.

முதலில் பார்ப்பதற்காக இரண்டு மின்சார வண்டிகளை மூன்று மாதத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒன்றை உன் அம்மாவிடம் கொடுத்தார்கள், ஏனென்றால் மலை ஏறுகிற ஒன்பதாம் எண் அவளுடையது, இன்னொன்றை மற்ற டிரைவர்கள் முறைவைத்து ஓட்டினார்கள். மேட்டுக் குடியிருப்புக்குப் போகிற ஒரே வண்டி அதுதான் என்பது உனக்கு நினைவிருக்கும், சிறு வயதில் நீ அந்த ஏழாவது வளைவில் தவறாமல் வாந்தி எடுப்பாய். மேலே நானூறு வீடு இருக்கிறது, ஒரு கடை இருக்கிறது, வேறொன்றும் இல்லை. பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்கும் மருத்துவமனைக்கும் கீழே இறங்கித்தான் வர வேண்டும். அங்கே ஒரு தையல்காரர் இருக்கிறார், சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் ரத்தம் சுத்தம் செய்துகொள்ள ஒன்பதில்தான் இறங்கி வருவார். நேரம் தவறினால் அவருடைய கட்டிலை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அவரை உன் அம்மாவுக்கு நன்றாகத் தெரியும், அவளுடைய சீருடையின் இடுப்பை வருடத்துக்கு ஒரு முறை பிரித்து விடுகிறவர் அவர்தான், எத்தனை அங்குலம் என்று இதுவரை என்னிடம் சொன்னதில்லை, நம்பகமான மனிதர். புது வண்டி சத்தமே போடாமல் மலை ஏறுவதைப் பார்த்து முதல் வாரம் உன் அம்மா புதுப்பெண் மாதிரி இருந்தாள். இறங்கும்போது பிரேக் பிடித்தால் சார்ஜ் கொஞ்சம் திரும்ப ஏறுமாம், அதை வீட்டுக்கு வந்து பத்து தடவை சொன்னாள்.

ஒவ்வொரு நடை போய் வந்ததும் நூற்றுக்கு எத்தனை சார்ஜ் மீதி என்று டிரைவர்கள் ஓர் அட்டையில் எழுதித் தர வேண்டும். அந்த அட்டைகளையும், சார்ஜ் போடுகிறவரின் நேரக் குறிப்பையும், பட்டறைத் தலைவரின் கணக்கையும் வைத்துக்கொண்டு நான் மூன்று வாரம் உட்கார்ந்தேன். ஊர் முழுக்க ஓட்ட முப்பத்தேழு மின்சார வண்டி வேண்டும் என்று வந்தது. வரப்போவது முப்பது என்றார் மேலாளர். நான் திரும்பவும் போட்டேன், அதே முப்பத்தேழு. ஏழு குறைகிறது, எங்கேயாவது வெட்டித்தான் ஆக வேண்டும், மலை ஏறுகிற வழிதான் அதிகம் குடிக்கிறது, ஒன்பதை நிறுத்தினால் ஒரே அடியில் நான்கு வண்டி மிச்சம், மீதி மூன்றை மற்ற வழிகளில் அங்கே இங்கே கிள்ளிக்கொள்ளலாம். எனக்கு மனமில்லை, ஆனால் எண் அப்படிச் சொன்னால் நான் என்ன செய்வது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு ஒன்பதின் மேல் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டேன். போட்டவன் அந்தத் தாளை அலுவலக மேஜையில் பூட்டி வைத்திருக்கலாம். புத்திசாலி மாதிரி வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தேன்.

உன் அம்மா பார்த்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "என் வழிய நீங்களே வெட்டிட்டீங்களா?" என்றாள், அவ்வளவுதான், இரண்டு நாள் பேச்சில்லை. அவள் கத்தினால் எனக்குச் சமாளிக்கத் தெரியும், பேசாமல் தட்டை வைத்துவிட்டுப் போனால் சோறு இறங்க மாட்டேன் என்கிறது. மூன்றாம் நாள் பொறுக்க மாட்டாமல், நான் ஒன்றும் வேண்டுமென்று செய்யவில்லை, எல்லாம் நீயே எழுதிக் கொடுத்த எண்தான் என்று அவளுடைய அட்டைகளை எடுத்து முன்னால் பரப்பினேன். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முகம் ஒரு மாதிரி ஆனது. "இது நான் எழுதினது. வண்டியில இருந்தது வேற" என்றாள். வேறு என்றால் என்ன என்று கேட்டேன். "பத்து குறைச்சு எழுதுவேன். எல்லா டிரைவரும் அப்படித்தான் எழுதுவோம். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றாள்.

எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில் இருபத்தொன்பது வருடம் இருந்தும் தெரியாது. அவள் வேலைக்குச் சேர்ந்த வருடம், டீசல் முள் கால் பங்கு காட்டிக்கொண்டே இருந்து, மேட்டுக் குடியிருப்பு வாசலில் நாற்பது பேரோடு வண்டி அணைந்துவிட்டதாம். அன்று வாங்கிய பேச்சுக்குப் பிறகு முள் எதைக் காட்டினாலும் அதில் கொஞ்சம் குறைத்தே எழுதிப் பழகிவிட்டாள், மற்றவர்களும் அவரவர் ஒரு நாள் எங்காவது நின்று அதே பாடம் படித்தவர்கள்தான். கேட்டுக்கொண்டிருந்த நானும் யோக்கியன் இல்லை. அவள் எழுதிய எண்ணிலிருந்து நான் இன்னொரு பதினைந்து கழித்திருந்தேன், மழைக்கு, குளிருக்கு, நாளைக்கு பேட்டரி கிழடாகிப் போவதற்கு என்று. எங்கும் எழுதாமல் மனதுக்குள்ளேயே கழித்தது. இரண்டு பேரும் சேர்ந்து கால் வண்டியை ஒளித்து வைத்திருக்கிறோம். நான்கு நடை போகக்கூடிய வண்டி என் தாளில் மூன்று நடையிலேயே களைத்துப்போய் நிற்கிறது, நான்காவதுக்கு வேறு வண்டி வேண்டும் என்கிறது. அப்படித்தான் முப்பத்தேழு வந்தது. நான் சிரித்துவிட்டேன், அவள் சிரிக்கவில்லை. "அப்ப என் வழிய வெட்டினது நான்தானா?" என்று கேட்டாள். நாம் இரண்டு பேரும்தான் என்றேன்.

இங்கே இரண்டு பேர் என்றால் டிப்போவில் எத்தனை பேர் என்று யோசித்தேன். மறுநாள் மதியம் சாப்பாட்டுக் கூடத்தில், வருகை எழுதுகிற கரும்பலகையைத் துடைத்துவிட்டு, என் பெயரைப் போட்டு அதற்கு நேராகப் பதினைந்து என்று சாக்பீஸால் எழுதினேன். இது நான் யாருக்கும் சொல்லாமல் ஒளித்து வைத்தது, இதனால்தான் ஒன்பது வெட்டுப்படப் போகிறது, வேறு யாராவது ஒளித்திருந்தால் எழுதுங்கள், திட்ட மாட்டேன் என்றேன். எல்லோரும் தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டார்கள். எனக்கு ஏன் இந்த வேலை என்று ஆகிவிட்டது. உன் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, என் எண்ணுக்குக் கீழே பத்து என்று எழுதினாள், எழுதிவிட்டு மற்ற டிரைவர்களைத் திரும்பிப் பார்த்தாள், அந்தப் பார்வை உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு பத்து, எட்டு, பன்னிரண்டு என்று வரிசையில் வந்தார்கள். முன்னே டீசல் ஊற்றிக்கொண்டிருந்து இப்போது சார்ஜ் போடுகிற நம் ‘சொட்டு’, ஒரு சொட்டு சிந்தினாலும் ஊரைக் கூட்டுவாரே அவர்தான், நெளிந்துகொண்டே வந்தார். "மூணே கால் மணி நேரத்துல ஏறிடும்க்கா. நாலுன்னு சொல்லி வெச்சேன், இல்லன்னா தலைமேல உக்காந்துக்குவாங்க" என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டு முக்கால் மணி என்று எழுதினார். பட்டறைத் தலைவர் எப்போதும் ஐந்து வண்டி பழுதில் இருக்கும் என்று சொல்லியிருந்தார், மூன்றுதான் இருக்குமாம், இரண்டு என்று எழுதிவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் போய் உட்கார்ந்தார். கடைசியில் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மேலாளர் வந்தார். சாக்பீஸை வாங்கி இரண்டு என்று எழுதினார். "முப்பத்திரண்டு வண்டி வருதுன்னு கடிதம் வந்திருக்கு சார். ரெண்டு வராமப் போயிட்டா அசிங்கமாயிடும்னு நான் சொல்லல" என்றார். கூடம் முழுக்கச் சிரித்தது, அவரும் சிரித்தார், பாவம், காது வரைக்கும் சிவந்துவிட்டது.

யாரையும் நான் குறை சொல்லவில்லை. நிச்சயம் இல்லாத காலத்தில் ஆளுக்குக் கொஞ்சம் மடியில் முடிந்து வைத்துக்கொள்ளத்தான் தோன்றும். ஆனால் எல்லோரும் மடியில் முடிந்துகொண்டால் ஊருக்கு ஓடுவதற்கு வண்டி இல்லை. அன்றே எல்லாவற்றையும் கலைத்துப் போட்டு மறுபடி உட்கார்ந்தேன், ஒன்பதையும் சேர்த்து, பட்டறையில் நிற்பதையும் சேர்த்து முப்பது வண்டி போதும் என்று வந்தது. மேலாளர் ஒளித்து வைத்த இரண்டையும் எந்த வழிக்கும் கொடுக்காமல், முழு சார்ஜோடு டிப்போ வாசலில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி நிறுத்தி வைப்பது, எந்த டிரைவர் கூப்பிட்டாலும் ஏன் எதற்கு என்று கேட்காமல் கிளம்புவது என்று எழுதினேன். கப்பல் ஏமாற்றி அந்த இரண்டும் வராமல் போனால் பழைய டீசல் வண்டி இரண்டு அந்த இடத்தில் நிற்கட்டும், அதையும் மறைக்காமல் எழுதினேன். பத்து வருடத்துக்கு எழுத என்னால் முடியாது, ஒன்றரை வருடத்துக்கு எழுதுகிறேன், ஆறு மாதத்துக்கு ஒரு முறை இதே பலகைக்கு முன்னால் உட்கார்ந்து திருத்துவோம் என்றும் சொல்லிவிட்டேன். மேலாளர் படித்துவிட்டு, தாளில் நன்றாகத்தான் இருக்கிறது, மோசமான ஒரு நாளில் ஒன்பதை நான்கு நடையும் ஓட்டிக் காட்டுங்கள், கையெழுத்துப் போடுகிறேன், முடியாவிட்டால் சிவப்புக் கோடு அப்படியே இருக்கட்டும் என்றார். நியாயமான பேச்சு, மறுத்துச் சொல்ல முடியவில்லை.

மோசமான நாளுக்கு அதிகம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை, போன செவ்வாய்க்கிழமை வந்தது. விடியும்போதே மழை, எலும்பைத் தொடுகிற குளிர், கண்ணாடியில் ஆவி படிவதால் வண்டிக்குள் சூடு போட்டே ஆக வேண்டும். உன் அம்மா ஓட்டினாள், இன்னொரு மின்சார வண்டி வாசலில் நின்றது, நான் வயர்லெஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன், மேலாளர் எதிரில். மூன்று நடை முடிந்து சார்ஜ் முப்பத்து நான்கு இருக்க வேண்டும், முப்பத்தொன்று என்றாள். பழைய வழக்கமாக இருந்தால் அட்டையில் இருபத்தொன்று என்று எழுதிவிட்டு, வண்டி இதற்கு மேல் தாங்காது என்று நிறுத்தியிருப்பாள், மேலே காத்திருக்கிறவர்கள் காத்திருந்திருப்பார்கள். அன்று ஏறினாள். ஏறும்போது ஐந்தாவது வளைவில் மரம் விழுந்து இருபத்தைந்து நிமிடம் நின்றாள், ஒரு வண்டி நுழைகிற அளவுக்குக் கிளையை வெட்டி விட்டார்கள், மேலே போய்ச் சேர்ந்ததும் பின்னாலேயே மண் சரிந்ததால் அந்தப் பாதையை மூடிவிட்டார்கள். இனி கல்குவாரி வழியாகச் சுற்றித்தான் இறங்க வேண்டும், அது ஆறு கிலோமீட்டர் கூடுதல், நடுவில் ஒரு மேடு வேறு. தையல்காரர் உட்பட பதினேழு பேர் ஏறிவிட்டார்கள், அன்று அவருடைய முறை.

வயர்லெஸ்ஸில் அவள் குரல் வந்தது. "சார்ஜ் ஒம்பதுதான் இருக்கு. குவாரி வழியாத்தான் வரணும். செங்கல் சூளை வரைக்கும் வருவேன், அதுக்கு மேல முடியாது. மாத்து வண்டிய அங்க கொண்டுபோய் நிறுத்துங்க" என்றாள். நிதானமாக, நாளைக்கு என்ன சமையல் என்று கேட்கிற குரலில். அவள் வாயிலிருந்து குறைக்காமல் கூட்டாமல் வந்த எண் அது. வாசலில் நின்ற வண்டி ஒரு கேள்வியும் இல்லாமல் கிளம்பிப் போனது. வண்டியில் ஏறியிருந்தவர்களிடமும் அவள் எழுந்து நின்று, வழியில் நின்றுவிடும், வேறு வண்டி காத்திருக்கும், மாறிக்கொள்ள வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாளாம். செங்கல் சூளைக்கு இரண்டு மின்கம்பம் முன்னாலேயே வண்டி நின்றுவிட்டது. மாற்று வண்டி அந்த இரண்டு கம்பத்தைத் தாண்டி வந்து பக்கத்தில் நின்றது, மொத்தம் நான்கு நிமிடம், குடை பிடித்து மாறிக்கொண்டார்கள். தையல்காரர் இறங்கும்போது, "நிக்கும்னு சொல்லிட்டு நின்ன வண்டிய என் ஆயுசுல இப்பதாம்மா பாக்குறேன்" என்றாராம். மருத்துவமனைக்கு எப்போதும் அரை மணி முன்னாலேயே போகிறவர் அன்று பதினோரு நிமிடம் தாமதமாகப் போனார், அதற்குள் கட்டிலை யாருக்கும் கொடுத்திருக்கவில்லை. மேலாளர் அட்டையை வாங்கிப் பார்த்தார். வண்டி நின்றுவிட்டதே சார் என்றார். ஆமாம், ஆனால் யாரும் மேலே நிற்கவில்லை என்றேன். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். ஒன்பதாம் எண் ஓடும் அம்மா, இந்த வருடமும் அடுத்த வருடமும் ஓடும், அதற்கடுத்து எனக்குத் தெரியாது.

உன் அம்மா நனைந்த காலணியோடு வந்து சமையலறையில் உட்கார்ந்தாள். நடுரோட்டில் நின்றது அவமானமாகத்தான் இருந்தது, ஆனால் பயமாக இல்லை, இத்தனை வருடத்தில் பயமில்லாமல் ஓட்டியது இன்றைக்குத்தான் என்றாள். பிறகு, நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, "நம்ம பொண்ணும் இப்படித்தாங்க அட்டை எழுதுறா" என்று சொல்லிவிட்டு அழுதாள். உன் ஆய்வுக்கூடத்தில் நான்கு மாதமாக மாதத்துக்கு மாதம்தான் உன் வேலையை நீட்டிக்கிறார்கள், எந்த மாதமும் நிறுத்தலாம் என்று உன் தோழி கடைத்தெருவில் பேச்சுவாக்கில் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அவள்மேல் கோபப்படாதே, எங்களுக்குத் தெரியும் என்று நினைத்துச் சொல்லிவிட்டாள். நீ ஒவ்வொரு ஞாயிறும் எல்லாம் அருமையாகப் போகிறது என்கிறாய், நாங்கள் கவலைப்படக்கூடாது என்று கூட்டி எழுதுகிறாய், எங்களுக்குப் புரிகிறது. சரி, பலகையில் செய்த மாதிரி இங்கேயும் நானே முதலில் எழுதுகிறேன். போன மாதம் என் இடது கண்ணில் புரை எடுத்தார்கள், உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று நாங்கள் இருவரும் பேசி வைத்துக்கொண்டோம், இப்போது நன்றாகத் தெரிகிறது, இந்தக் கடிதமே சாட்சி. அம்மாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, படி இறங்கும்போது பக்கவாட்டில் இறங்குகிறாள். இதுதான் எங்கள் உண்மையான எண். இனி உன்னுடையதை எழுது.

வேலையை விட்டுவிட்டு வா என்று நான் சொல்லவில்லை. நீ எடுத்த மேடு, நீயே ஏறு, எங்களுக்கு அதில் பெருமைதான். குளிருக்குச் சரியான காலணி வாங்கிக்கொள், சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே, வாரத்தில் ஒரு நாளாவது வெளிச்சத்தில் நட. உனக்கு நல்ல உடம்பும், நிம்மதியான தூக்கமும், கூட வேலை செய்கிறவர்களின் அன்பும் எப்போதும் இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் மனதார வாழ்த்துகிறோம். வருகிற ஞாயிறு போன் பேசும்போது அருமையாக இருக்கிறேன் என்று ஆரம்பிக்காதே, எத்தனை மீதி இருக்கிறது என்று சொல், ஒன்பது என்றாலும் ஒன்பது என்றே சொல். நின்ற பிறகு சொல்லாதே அம்மா, நிற்பதற்கு முன்பே சொல். நாங்கள் தூரத்தில் இருக்கிறோம், கிளம்பி வந்து சேர நேரம் பிடிக்கும்.

இப்படிக்கு,
உன் அப்பா

(அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் படித்துவிட்டாள். முழங்கால் விஷயத்தை அடிக்கச் சொன்னாள், நான் அடிக்கவில்லை.)